கூப்பிடு தூரத்தில் எத்தனை பேர்? ஹைதராபாத்தில் நடைதூரக் கணக்கின் வரலாறு

தூரத்தை மனித உடலைக் கொண்டே அளந்த காலம் ஒன்று இருந்தது. தமிழில் ‘கூப்பிடு’ என்பது ஒரு நீட்டலளவை. ஒருவர் கூப்பிட்டால் குரல் சென்று எட்டும் தொலைவு. வடமொழியின் ‘குரோசம்’ என்ற சொல்லும் கூவுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்தே பிறந்தது. அதுவே தெலுங்கில் ‘குரோசு’ என்றும் உருதுவில் ‘கோஸ்’ என்றும் வழங்குகிறது. ‘நாழிகைவழி’ என்று இன்னோர் அளவும் தமிழில் உண்டு. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடங்களில், நடந்து கடக்கக்கூடிய தொலைவு அது. நிலத்தை நேரத்தால் அளக்கும் சொல்.

இன்றைய நகரத் திட்டமிடலின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று இந்தப் பழைய சொற்களின் தொடர்ச்சிதான். ஒரு மெட்ரோ நிலையத்திலிருந்தோ பள்ளியிலிருந்தோ மருந்தகத்திலிருந்தோ நடந்து எட்டும் தூரத்தில் எத்தனை பேர் வாழ்கிறார்கள்? இதற்கு விடை காண இரண்டு அறிவுகள் வேண்டும். மக்கள் எங்கே வாழ்கிறார்கள் என்பது ஒன்று. அவர்கள் எந்த வழியாக நடக்க முடியும் என்பது மற்றொன்று. முதலாவதைக் குடிக்கணக்கு தருகிறது, இரண்டாவதை வரைபடம் தருகிறது. ஹைதராபாத்தில் இவ்விரண்டும் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்து, திறந்தநிலைப் புவியிடத் தரவுகளின் காலத்தில்தான் எவரும் இணைத்துப் பார்க்கக்கூடியவை ஆயின. அந்த இணைப்பில் யார் விடுபடுகிறார்கள் என்பதும், இல்லாதவர்கள் எப்படி இருப்பவர்களாக எண்ணப்படுகிறார்கள் என்பதும் அந்நகரத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றன.

*

கேள்வியின் பழைய விடைகளுள் புகழ்பெற்ற ஒன்று லண்டனில் பிறந்தது. 1854இல் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ இறந்தோரின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். பிராட் தெருவின் தண்ணீர்ப் பம்பைச் சுற்றி மரணங்கள் குவிந்திருந்ததைக் காட்டும் அந்த வரைபடம் பாடநூல்களில் இடம்பெறுவது. அதன் இரண்டாம் வடிவம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதில் ஸ்னோ ஒரு கோட்டைச் சேர்த்தார்: பிராட் தெருப் பம்புக்கும் அதைச் சூழ்ந்த ஏனைய பம்புகளுக்கும் சம தூரத்தில் அமைந்த புள்ளிகளை இணைத்த கோடு. அந்தத் தூரம் தெருக்களின் வழியாக அளக்கப்பட்டது. குடத்தோடு நடப்பவரின் பாதையை அவர் கணக்கில் கொண்டார்.

மக்கள் எங்கே வாழ்கிறார்கள் என்ற பாதிக்கு இன்னும் பழைய முன்னோடி உண்டு. 1837இல், அயர்லாந்தில் ரயில் பாதைகளை எங்கே அமைக்கலாம் என்று ஆராய்ந்த ஆணையத்துக்காக, ஹென்றி டிரூரி ஹார்னெஸ் என்ற படை அதிகாரி மக்களடர்த்தி வரைபடம் ஒன்றைத் தயாரித்தார். ஒரு மாவட்டத்தின் மக்களை அதன் எல்லைக்குள் சமமாகப் பரப்பாமல், அவர்கள் உண்மையில் குடியிருக்கும் நிலத்துக்கேற்ப நிழலின் அழுத்தத்தை மாற்றினார். இம்முறைக்கு ‘டாசிமெட்ரிக்’ என்று பெயரிட்டவர் ரஷ்யப் புவியியலாளர் வெனியமின் செம்யோனோவ்-தியான்-ஷான்ஸ்கி, ஆண்டு 1911. கிரேக்கத்தில் ‘அடர்ந்த’ என்ற சொல்லும் ‘அளவு’ என்ற சொல்லும் சேர்ந்த பெயர் அது. 1936இல் ஜான் கே. ரைட் என்ற அமெரிக்கர் கேப் காட் தீபகற்பத்தின் ஆளில்லா நிலங்களை நீக்கிவிட்டு எஞ்சிய நிலத்தில் மட்டும் மக்களைப் பகிர்ந்து காட்டினார். இன்று கணினிகள் செய்வது பெரும்பாலும் இதே கழித்தலும் பகிர்வும்தான்.

*

செம்யோனோவ் அந்தப் பெயரைச் சூட்டிய அதே காலத்தில், ஹைதராபாத் தன்னைத் தானே அளக்கத் தொடங்கியிருந்தது. அதற்குக் காரணம் ஒரு பேரழிவு.

1591இல் முகமது குலி குதுப் ஷா சார்மினாரை நடுவாக வைத்து அமைத்த நகரம் மூசி ஆற்றின் தென்கரையில் வளர்ந்தது. 1908 செப்டம்பர் 28 அன்று அந்த ஆறு பெருகி நகரத்துக்குள் புகுந்தது. இறந்தோர் சுமார் 15,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வெள்ளத் தடுப்புக்கு வழி சொல்ல விசுவேசுவரய்யா அழைக்கப்பட்டார்; அதன் விளைவாகப் பின்னாளில் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்னும் இரு நீர்த்தேக்கங்கள் எழுந்தன. 1912இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. அதே ஆண்டு தொடங்கி 1915 வரை லெனார்ட் மன் என்பவரின் தலைமையில் நகராட்சி அளவை நடந்தது.

‘மன் வரைபடங்கள்’ என்று இன்று அறியப்படும் அத்தாள்கள் வியப்பூட்டும் நுணுக்கம் கொண்டவை. வீடுகள், முற்றங்கள், கிணறுகள், மசூதிகள், கோயில்கள், இடுகாடுகள், தோட்டங்கள், இவற்றினூடே வளைந்து செல்லும் சந்துகள் என நகரத்தின் உடல் அவற்றில் பதிவாயிற்று. ஒருவர் எந்தச் சந்தில் நுழைந்து எந்தத் தெருவில் வெளிவர முடியும் என்பதை அவற்றைக் கொண்டு அறியலாம். நடைதூரக் கணக்குக்கு வேண்டிய இரண்டாம் அறிவு ஹைதராபாத்திடம் 1915இலேயே இருந்தது.

முதலாம் அறிவும் இருந்தது. நிஜாம் ஆட்சிப்பகுதியில் 1881 முதல் குடிக்கணக்கு எடுக்கப்பட்டது. 1901இல் நகரத்தின் மக்கள்தொகை 4,48,466. 1911இல் ஏறக்குறைய 5 லட்சம். 1921இல் அது 4 லட்சத்தைச் சற்றே தாண்டிய அளவுக்கு வீழ்ந்தது. இடையில் பிளேக்கும் 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சாவும் நகரத்தின் வழியாகச் சென்றிருந்தன. மொத்த எண்ணிக்கை, நகரம் எவ்வளவு இழந்தது என்று சொல்லும். எந்தச் சந்து எவ்வளவு இழந்தது என்று சொல்லாது.

வரைபடமும் குடியிருப்போருக்காக எழுதப்பட்டதன்று. கழிவுநீர் வழிகளையும் புதிய சாலைகளையும் திட்டமிட அரசுக்கு அது தேவைப்பட்டது. நகர மேம்பாட்டு வாரியம் நெரிசலான குடியிருப்புகளை அகற்றியது, சாலைகளை அகலப்படுத்தியது, பத்தர்கட்டியின் வளைவு வாயில் கடைவரிசையைக் கட்டியது. அளக்கப்பட்ட சந்துகளில் சில அளக்கப்பட்டதன் பயனாகவே மறைந்தன. நுணுக்கமான வரைபடம் ஒரு குடியிருப்பைக் காப்பாற்றவும் செய்யும், அகற்றவும் செய்யும். எது நிகழும் என்பது அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

*

வரைபடம் யார் கையில் இருந்தது என்பதற்குத் தனி வரலாறு உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் தொடங்கிய அடிக்கோட்டு அளவை, தீபகற்பத்தின் நடுவே வடக்கு நோக்கி ஏறி ஹைதராபாத் நிலப்பகுதியை அடைந்தது. பின்னாளில் சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்ட், லாம்ப்டனின் உதவியாளராகச் சேர்ந்தது ஹைதராபாத்தில்தான். 1823இல் அங்கிருந்து நாக்பூருக்குச் செல்லும் வழியில், ஹிங்கன்காட்டில் லாம்ப்டன் இறந்தார். அந்தப் பெரும் அளவையின் பயன் ஆட்சிக்கும் படைக்கும் உரியதாக இருந்தது.

விடுதலைக்குப் பின்னும் இந்த மனப்பாங்கு உடனே மாறவில்லை. பாதுகாப்பைக் காரணம் காட்டி எல்லைப்புறங்கள், கடற்கரைப் பகுதிகள் ஆகியவற்றின் விரிவான வரைபடங்கள் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டன. அளவைத் துறையின் தாள்களை எண்ணிம வடிவில் பெறுவதற்கு அனுமதிகள் தேவைப்பட்டன. இதில் ஹைதராபாத்தின் நிலை விந்தையானது. உப்பலில் அளவைத் துறையின் பயிற்சி நிறுவனம். பாலாநகரில் தேசியத் தொலையுணர்வு மையம். ஷாத்நகரில் செயற்கைக்கோள் படங்களை வாங்கும் தரைநிலையம். நாட்டின் நிலத்தை வானிலிருந்து பார்க்கும் கண்கள் இந்த நகரத்தில் இருந்தன. ஆனால் நகரத்தின் ஒரு சந்தில் வாழ்பவர் தன் சந்தின் வரைபடத்தை எளிதில் பெற முடியாது.

மாற்றம் படிப்படியாக வந்தது. 2005 மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்பு வரிசை, திறந்த வரிசை என்று இருவகை வரைபடங்களைப் பிரித்தது. 2009 ஆகஸ்டில் இஸ்ரோவின் ‘புவன்’ தளம் தொடங்கியது. 2021 பிப்ரவரி 15 அன்று வெளியான வழிகாட்டு நெறிகள், இந்தியர்களும் இந்திய நிறுவனங்களும் முன் அனுமதியின்றிப் புவியிடத் தரவுகளைத் திரட்டவும் வெளியிடவும் வழிவிட்டன.

அரசுக்கு வெளியே வேறொரு வரைபடம் அதற்கு முன்பே வளரத் தொடங்கியிருந்தது. 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், எவரும் வரையலாம், எவரும் எடுத்தாளலாம் என்ற கொள்கையுடையது. 2008இல் அமெரிக்கா தன் லேண்ட்சாட் படத்தொகுப்பை இலவசமாகத் திறந்தது. 2013இல் உருவான வேர்ல்டுபாப், குடிக்கணக்கின் எண்களை 100 மீட்டர் கட்டங்களில் பகிர்ந்து வெளியிட்டது. 2021இல் ஆப்பிரிக்காவுக்காகத் தொடங்கிய கூகுளின் திறந்த கட்டடத் தரவு, பின்னர் தெற்காசியாவின் கூரைகளையும் உள்ளடக்கியது. நூறாண்டுகள் விலகி நின்ற இரண்டு அறிவுகளும் ஒரு மடிக்கணினியில் சந்திக்க முடிந்தது.

*

இக்கணக்கு செயல்படும் விதத்தை எளிய எண்களால் காட்டலாம். 2011 குடிக்கணக்கின்படி ஹைதராபாத் மாவட்டத்தின் மக்கள்தொகை 39,43,323; பரப்பு 217 சதுர கிலோமீட்டர்; அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 18,172. ஒரு நிலையத்தைச் சுற்றி 500 மீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்தால் அதன் பரப்பு 0.785 சதுர கிலோமீட்டர். பெருக்கினால் ஏறத்தாழ 14,270 பேர். பல திட்ட அறிக்கைகளில் காணும் எளிய கணக்கு இத்தகையது.

ஆனால் எவரும் வட்டத்தில் நடப்பதில்லை. தெருக்கள் சதுரங்கப் பலகை போல நேராகக் குறுக்கும் நெடுக்கும் அமைந்த நகரத்தைக் கற்பனை செய்தால், 500 மீட்டர் நடந்து எட்டக்கூடிய நிலம் சாய்சதுர வடிவில் 0.5 சதுர கிலோமீட்டராகச் சுருங்கும். மக்கள் 9,086 ஆவர். மிக ஒழுங்கான தெருவமைப்பிலேயே வட்டக் கணக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மிகைப்படுத்துகிறது. முட்டுச்சந்துகளும் ஆறும் ரயில் பாதையும் குறுக்கிடும் நகரத்தில் இழப்பு இன்னும் கூடும்.

எனவே முறையான கணக்கு இரண்டு படிகள் கொண்டது. முதற்படியில் தெருக்கள் சந்திக்கும் இடங்கள் புள்ளிகளாகவும், தெருக்கள் அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் கொள்ளப்படுகின்றன. நிலையத்திலிருந்து ஒவ்வொரு புள்ளிக்குமான மிகக் குறுகிய வழியைக் கணினி தேடுகிறது. அதற்குப் பயன்படும் வழிமுறையை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் ஆம்ஸ்டர்டாமின் காப்பிக் கடை ஒன்றில் அமர்ந்து இருபது நிமிடங்களில் சிந்தித்து, 1959இல் வெளியிட்டார். நடைவேகத்துக்கு ஓர் எண் வேண்டும். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கான விதி நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று கொள்கிறது. அந்த வேகத்தில் ஒரு நாழிகைவழி 1,920 மீட்டர்.

இரண்டாம் படி மக்களைப் பகிர்வது. ஒரு வார்டில் 40,000 பேர் வாழ்வதாகவும், அதன் வீடுகளின் மொத்தக் கூரைப்பரப்பு 4 லட்சம் சதுர மீட்டர் என்றும் கொள்வோம். ஒருவருக்கு 10 சதுர மீட்டர். 60 சதுர மீட்டர் கூரைக்கு 6 பேர். நடந்து எட்டும் எல்லைக்குள் விழும் கூரைகளைக் கூட்டினால் விடை கிடைத்துவிடும். பகிர்ந்த எண்களின் கூட்டுத்தொகை வார்டின் மொத்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதே இதன் காப்பு விதி.

*

விடை கிடைத்துவிடும் என்பதால் விடை சரியாகிவிடாது. ஹைதராபாத் இந்த முறையின் ஒவ்வொரு மூட்டையும் சோதிக்கும் நகரம்.

மாவட்டச் சராசரியை அப்படியே பயன்படுத்தினால் ஹுசைன் சாகர் ஏரியின் நீர்ப்பரப்பிலும் சதுர கிலோமீட்டருக்கு 18,172 பேர் வாழ்வர்; உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பரந்த வளாகத்திலும் அவ்வாறே. ஏரியில் மிதக்கும் அம்மக்கள் உண்மையில் நெரிசலான பஸ்திகளிலிருந்து கணக்கால் இடம்பெயர்க்கப்பட்டவர்கள். கூரைகளைக் கொண்டு பகிர்ந்தால் இக்குறை நீங்கும். வேறொரு குறை புகும். மேலிருந்து பார்க்கும் படத்துக்குக் கூரை தெரியும், மாடிகளின் எண்ணிக்கை தெரியாது. பழைய நகரத்தின் ஒரு கூரையின் கீழ் மூன்று குடும்பங்கள் இருக்கலாம். ஹைடெக் சிட்டியின் ஒரு பெரிய கூரையின் கீழ் இரவில் காவலர் மட்டும் இருக்கலாம்.

வழிகளிலும் இரு எதிரெதிர்ப் பிழைகள் உண்டு. பழைய நகரத்தில் மனிதர் நடக்கும் சந்து இருக்கும், வரைபடத்தில் கோடு இராது. கணினிக்கு அங்கே சுவர். மேற்கே, மதில் சூழ்ந்த குடியிருப்புகளில் வரைபடத்தில் கோடு இருக்கும், வாயிற்காவலர் நடப்பவரை விடமாட்டார். கணினிக்கு அங்கே வழி. முதற்பிழை ஏழைக் குடியிருப்பின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. இரண்டாவது வசதியான பகுதியின் எட்டும் தூரத்தை நீட்டுகிறது. இரண்டும் ஒரே திசையில் சாய்வதால் ஒன்றையொன்று ஈடு செய்வதில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் காலம் இருக்கிறது. 2021இல் நடக்கவேண்டிய குடிக்கணக்கு தள்ளிப்போய், அடுத்ததன் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டது. அதுவரை எந்தத் திறந்த தரவின் அடியிலும் இருப்பது 2011ஆம் ஆண்டின் எண்ணிக்கையும் அதிலிருந்து நீட்டிய ஊகமும்தான். 2011இல் ஹைதராபாத்தில் மெட்ரோ ரயில் ஓடவில்லை.

*

மெட்ரோ 2017 நவம்பர் இறுதியில் ஓடத் தொடங்கியது. 2020 பிப்ரவரி 7 அன்று ஜூபிலி பேருந்து நிலையத்திலிருந்து மகாத்மா காந்தி பேருந்து நிலையம் வரையிலான பகுதி திறக்கப்பட்டபோது, முதற்கட்டம் ஏறத்தாழ 69 கிலோமீட்டரை எட்டியது. முதல் திட்டப்படி அந்த வழித்தடம் அங்கே நிற்கவேண்டியதன்று. பழைய நகரத்தின் வழியாக ஃபலக்னுமா வரை, இன்னும் சுமார் 5.5 கிலோமீட்டர், சென்றிருக்கவேண்டும். நிலம் கையகப்படுத்தலும், வழியிலிருந்த வழிபாட்டிடங்கள் பற்றிய சச்சரவும், வழித்தடம் பற்றிய கருத்து வேறுபாடும் அதை நிறுத்தின. ரயில் மூசி ஆற்றோரம் நின்றது.

அங்கிருந்து சார்மினார் நேர்கோட்டில் சுமார் 2 கிலோமீட்டர். தெருக்களின் வளைவால் வழி முப்பது விழுக்காடு நீள்வதாகக் கொண்டால் 2.6 கிலோமீட்டர், நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு அரை மணி நேரத்துக்கும் மேல். ஒரு நாழிகைவழியைத் தாண்டிய தூரம். மே மாத வெயிலில் முதியவர் ஒருவருக்கு அது எட்டாத் தொலைவு.

2024 மார்ச் 8 அன்று முதல்வர் ரேவந்த் ரெட்டி பழைய நகர வழித்தடத்துக்கு அடிக்கல் நாட்டினார். சாலார்ஜங் அருங்காட்சியகம், சார்மினார் ஆகியவற்றின் பெயர்களைத் தாங்கும் நிலையங்கள் அந்தச் சின்னங்களிலிருந்து சுமார் 500 மீட்டர் தள்ளி அமையும் என்று அறிவிக்கப்பட்டது. சாலையை அகலப்படுத்த இருபுறமும் கட்டடங்கள் கையகப்படுத்தப்படலாயின.

இங்கேதான் நடைதூரக் கணக்கின் ஆழமான சிக்கல் வெளிப்படுகிறது. நிலையத்துக்காக இடிக்கப்படும் வீடு, பழைய செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுத்த கட்டடத் தரவில் கூரையாகவே நிற்கும். 2011 குடிக்கணக்கு அதில் குடும்பம் ஒன்றை வைத்திருக்கும். வெளியேற்றப்பட்ட அக்குடும்பம் நிலையத்துக்கு மிக அருகில் வாழ்ந்து பயன்பெறுவோராக மதிப்பீட்டில் எண்ணப்படும். நகரத்தின் விளிம்புக்கு அவர்கள் பெயர்ந்திருந்தால், புதிய குடியிருப்பின் சந்து வரைபடத்தில் ஏறும்வரை அங்கே அவர்கள் எவருடைய நடைதூரத்திலும் இல்லை. இல்லாத இடத்தில் இருப்பவர்கள், இருக்கும் இடத்தில் இல்லாதவர்கள். 1915இல் மன்னின் தாள்களில் பதிவாகி, பின் வாரியத்தால் அகற்றப்பட்ட வீடுகளின் கதை கணினிக்குள் மறுபடி நிகழ்கிறது.

இந்த எண்கள் மெட்ரோவோடு நிற்பவை அல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டு விதிகள், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு 1 கிலோமீட்டர் நடைதூரத்துக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரையிலானோர்க்கு 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி வேண்டும் என்கின்றன. ஹைதராபாத்தில் 2018 முதல் திறக்கப்பட்டுவரும் பஸ்தி தவாகானாக்களின் நோக்கமே நடந்து சென்று மருத்துவம் பெறுவது. ஒரு குடியிருப்புக்குப் பள்ளியோ மருந்தகமோ ‘ஏற்கெனவே அருகில் உள்ளது’ என்று முடிவாவது வட்டத்தாலா, வழியாலா என்பது ஒரு குழந்தை நெடுஞ்சாலையைக் கடக்க நேருமா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆகவே நடைதூர மதிப்பீடு எதனுடனும் மூன்று செய்திகள் சேர்ந்தே வெளியாக வேண்டும்: மக்கள் எந்த ஆண்டில் எண்ணப்பட்டார்கள், வழிகள் எந்த ஆண்டில் வரையப்பட்டன, நடப்பவர் யாரென்று கொள்ளப்பட்டது. மூடிய தரவின் காலத்தில் இக்கேள்விகளைக் கேட்கக்கூட வழியில்லை. திறந்த தரவின் காலத்தில் கேட்கவும் முடியும், திருத்தவும் முடியும். மன் வரைந்த தாளில் ஒரு சந்து விடுபட்டிருந்தால் அச்சந்தில் வாழ்ந்தவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இன்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தன் சந்து இல்லையென்று காணும் ஷாலிபண்டாவின் மாணவி ஒருத்தி, கைபேசியோடு அதில் நடந்து, அன்று மாலையே அதை வரைந்துவிடலாம். அடுத்த முறை கணக்கு ஓடும்போது அந்தச் சந்தின் இருபுறமும் உள்ள வீடுகள் எண்ணிக்கையில் வந்து சேரும்.